ஐந்து பொருளும் ஒரு கிண்ணமும் – ‘பஞ்ச்’ பானத்தின் கதை

‘பஞ்ச்’ என்றால் நம் பிள்ளைகளுக்கு சினிமா ‘பஞ்ச் டயலாக்’தான் நினைவுக்கு வரும். கொஞ்சம் வயதானவர்களுக்குக் குத்துச்சண்டை நினைவுக்கு வரலாம். நான் எழுத வந்தது மூன்றாவது ஒரு பஞ்ச். அது ஒரு பானம். சாராயம், சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, தண்ணீர், வாசனைச் சரக்கு ஆகிய ஐந்தும் சேர்ந்த கலவை. வெப்பநாட்டுக் காக்டெயில் என்று உலகமெங்கும் இன்று விற்கிற பானங்கள் பலவற்றுக்கும் இதுதான் பாட்டனார். இந்தப் பாட்டனார் பற்றிய முதல் எழுத்துச் சான்றுகள் இந்தியக் கடற்கரையில்தான் கிடைக்கின்றன. அதிலும் ஒரு சான்று நாம் பிழைக்க வந்திருக்கிற இதே சூரத்தில் கிடைக்கிறது.

“நயினாரே, நீங்க போய் சாராயத்தைப் பத்தி எழுதறீங்களே!” என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணன். மதுவும் ஊனும் தேனும் எங்கள் வீட்டு வாசற்படி ஏறியதில்லை. இந்தப் பானத்தின் ருசி எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. ஆனால் நான் வியாபாரி. ஒரு சரக்கு எந்த ஊரில் பிறந்தது, எந்த வழியாக வந்தது, யார் யார் கை மாறியது, லாபம் யாருக்கு, நஷ்டம் யார் தலையில் என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. கிண்ணத்தில் உள்ளதைக் குடிக்காமலேயே அதன் வரவு செலவைப் பார்க்கலாம் அல்லவா? இந்தப் பானத்தின் வரவுப் பக்கத்தை எழுதியவர்கள் நிறைய. ருசி, மணம், விருந்து, கேளிக்கை என்று புத்தகம் புத்தகமாக எழுதி வைத்திருக்கிறார்கள். செலவுப் பக்கத்தையும் சேர்த்து எழுதினால்தான் பேரேடு சரியாகும்.

முதல் சாட்சிகள்

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1611-இல் மசூலிப்பட்டினத்திலும் அதன் தெற்கே பெத்தப்பள்ளியிலும் (இன்றைய நிஜாம்பட்டினம்) கடை விரித்தது. 1613-இல் மொகலாய பாதுஷாவின் பர்மான் பெற்று சூரத்தில் நிலைகொண்டது. வந்தவர்கள் தங்கள் நாட்டு பீரையும், ஸ்பெயின் தேசத்து ஒயினையும் கப்பலில் கொண்டுவந்தார்கள். மாதக்கணக்கான கடல் பயணத்தில் பீர் தீர்ந்துவிடும். மிஞ்சியது வெயிலில் புளித்துப் போகும். அடுத்த கப்பல் வர ஒரு வருஷம் ஆகும். ஆகவே இந்த ஊர்ச் சாராயத்தைத் தேடினார்கள். அது அவர்கள் தொண்டைக்கு ரொம்பக் காரமாக இருந்தது. அதைத் தணிக்க, கைக்கெட்டிய தூரத்தில் கிடைத்த சர்க்கரையையும் எலுமிச்சையையும் தண்ணீரையும் கலந்தார்கள்.

‘பஞ்ச்’ என்ற சொல் எழுத்தில் காணப்படும் மிகப் பழைய சான்று 1632 செப்டம்பர் மாதத்துக் கடிதம் ஒன்று. ராபர்ட் ஆடம்ஸ் என்ற கம்பெனிச் சிப்பாய், பெத்தப்பள்ளியில் இருந்த தாமஸ் காலி என்ற நண்பருக்கு எழுதியது. அளவு பார்க்காமல் பஞ்ச் குடித்துக்கொண்டு நல்லபடியாகக் குடித்தனம் நடத்துவீர்கள் என்று நம்புகிறேன் என்பது போன்ற கேலி அதில் இருக்கிறது. சொல்லுக்கு விளக்கம் ஏதும் இல்லை. விளக்கம் தேவைப்படவில்லை என்றால், அதற்கு முன்பே அந்தக் கரையில் அது பழகிய சொல் என்றுதானே அர்த்தம்?

அடுத்த சாட்சி சூரத். 1638-இல் இங்கே வந்த மாண்டெல்ஸ்லோ என்ற ஜெர்மானிய இளைஞர், அப்போது சூரத் ஆங்கிலக் கோட்டத்தின் தலைவராக இருந்த வில்லியம் மெத்வோல்டின் விருந்தாளியாகத் தங்கினார். அவருடைய பயணநூலில் ஒரு செய்தி வருகிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜெபம் முடிந்த பிறகு தலைவரும் அவருடைய உறவினரான மூன்று வியாபாரிகளும் தனியாகக் கூடுவார்களாம். அவர்கள் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டது ஒரு வெள்ளிக்கிழமை. நால்வருமே மனைவியை ஊரில் விட்டு வந்தவர்கள். அந்த நாளை நினைத்து, மனைவியரின் நலம் வேண்டி, ஆளுக்கு ஒரு கிண்ணம் குடிப்பார்கள். சிலர் ஒயின் குடித்தார்கள். சிலர் ‘பாலேபுன்ட்ஸ்’ குடித்தார்கள். இந்தப் பாலேபுன்ட்ஸ் என்பது சாராயம், பன்னீர், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை சேர்ந்தது. ‘பவுல் ஆஃப் பஞ்ச்’ என்று ஆங்கிலேயர் சொன்னது ஜெர்மானியக் காதில் அப்படி விழுந்திருக்கிறது.

இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் எதற்காக வந்தார்களோ, பின்னால் என்ன செய்தார்களோ, அது தனி வரலாறு. ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டம் யாருக்குப் புரியாவிட்டாலும் நமக்குப் புரியும். ஊரை விட்டு வந்த நாலு பேர் ஊர் நினைப்பில் கூடுவது; அதைத்தானே நாமும் பொங்கலுக்கும் சித்திரைப் பிறப்புக்கும் செய்கிறோம்! வெளியூர் வந்தவர்களின் பானமாகத்தான் பஞ்ச் வரலாற்றில் நுழைகிறது. கடைசி வரை அது வெளியூர்க்காரர்களைத்தான் தொடர்ந்து போகிறது.

ஐந்தா, நான்கா?

பேருக்கு வருவோம். 1672-இல் இந்தியாவுக்குக் கப்பலேறிய ஜான் ஃப்ரையர் என்ற ஆங்கில மருத்துவர், இந்துஸ்தானி மொழியில் ஐந்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து இந்தப் பானத்தின் பெயர் வந்தது, அதில் ஐந்து பொருள் சேர்வதால் அப்படி அழைக்கிறார்கள் என்று எழுதினார். அவருடைய நூல் 1698-இல் அச்சாயிற்று. கோவாவுக்கு அருகே உள்ள நேருல் கிராமத்துச் சாராயமே இதற்குச் சிறந்தது என்றும், உடம்பைத் தளர்த்திவிடும் பானம் இது என்றும் சேர்த்தே எழுதியிருக்கிறார்.

நமக்கு இது இனிக்கிற செய்தி. பஞ்சாங்கம், பஞ்சாயத்து, பஞ்சலோகம், பஞ்சாமிர்தம் என்று நாள் முழுக்கப் புழங்குகிற சொல். பிராகிருதத்திலும் ‘பஞ்ச’, சூரத் கச்சேரிகளில் அன்று எழுதிய பாரசீகத்திலும் ‘பஞ்ஜ்’. வேறு என்ன வேண்டும் என்று தோன்றும். ஆனாலும் நம்முடைய சொல் என்பதற்காக அவசரப்பட்டுச் சரக்கை எடுத்துவிடக் கூடாது. எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். பீப்பாயைக் குறிக்கும் ‘பஞ்சியன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கமாக இது இருக்கலாம் என்பது ஒரு கட்சி. அந்தக் காலத்து ஆங்கிலத்தில் இச்சொல்லின் உயிரொலி ‘அ’ அல்ல, ‘உ’ போன்றது. ஆகவே ‘பஞ்ச’வோடு ஒட்டாது என்பது அவர்கள் வாதம். பாலேபுன்ட்ஸில் ‘உ’ ஒலிக்கிறதைக் கவனியுங்கள். இன்னொன்று, எண்ணிக்கையும் எல்லா இடத்திலும் ஐந்தாக இல்லை. மாண்டெல்ஸ்லோ சொன்னது நான்கு. 1660-களில் வங்காளத்தைப் பார்த்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர் ‘பூலெபோஞ்ச்’ என்று எழுதி, கருப்புச் சர்க்கரையில் வடித்த சாராயம், எலுமிச்சைச் சாறு, தண்ணீர், கொஞ்சம் ஜாதிக்காய் என்று நான்குதான் கணக்குச் சொல்கிறார்.

ஃப்ரையரின் பேச்சிலேயே இதற்கு ஒரு வெளிச்சம் இருக்கிறது. மருத்துவர்கள் ஐந்து பொருள் சேர்ந்த மருந்தை ‘டயாபென்டே’ என்றும் நான்கு சேர்ந்ததை ‘டயாடெசரான்’ என்றும் கிரேக்க எண்ணால் அழைப்பது போல என்று அவர் ஒப்பிடுகிறார். மருந்துக்கு எண்ணால் பேர் வைப்பது நமக்கு அதைவிடப் பழைய பழக்கம். கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி ஆகிய ஐந்தின் வேர் சேர்ந்தது சிறுபஞ்சமூலம். அந்த மருந்தின் பேரையே தம் நூலுக்கு வைத்து, பாட்டுக்கு ஐந்து நீதி சொன்னவர் காரியாசான் என்ற சமணப் புலவர். ஆகவே ஐந்து சரக்கைச் சேர்த்து ஐந்தின் பேரால் அழைப்பது இந்த மண்ணில் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டிய வித்தை அல்ல. 1886-இல் ஆங்கிலோ-இந்தியச் சொற்களுக்குப் பேரகராதி செய்த யூலும் பர்னலும் ‘ஐந்து’ என்ற விளக்கத்தின் பக்கமே நின்றார்கள். என் தீர்ப்பும் அந்தப் பக்கம் சாய்கிறது. ஆனால் அது சாய்வுதான், சத்தியம் இல்லை. சொல் எந்த வீட்டுப் பிள்ளையானாலும், சரக்கெல்லாம் இந்துமாக்கடல் சரக்கு என்பதில் சந்தேகம் இல்லை.

சரக்கும் ஊரும்

சாராயம்: கோவாவில் தென்னங்கள்ளை வடித்தார்கள். வங்காளத்திலும் ஜாவாவின் பத்தாவியாவிலும் கரும்புச் சர்க்கரைக் கழிவுப்பாகிலிருந்து வடித்தார்கள். ஆங்கிலேயர் எல்லாவற்றையும் ‘அரக்’ என்றார்கள். அது வியர்வையைக் குறிக்கும் அரபுச் சொல். வாலையில் ஆவி குளிர்ந்து துளித்துளியாகச் சொட்டுவதைப் பார்த்தால் பொருத்தமான பேர்தான். ‘டாடி’ என்று அவர்கள் சொன்னது நம் சூரத்காரர்களின் ‘தாடி’. பனையைக் குறிக்கும் ‘தாட்’ என்ற சொல்லின் வழி வந்தது.

சர்க்கரை: சம்ஸ்கிருத ‘சர்க்கரா’, பிராகிருத ‘சக்கரா’, பாரசீக ‘ஷக்கர்’, அரபு ‘சுக்கர்’, ஆங்கில ‘ஷுகர்’. ஒரே சொல் ஊர் ஊராகச் சட்டை மாற்றிக்கொண்டு போயிருக்கிறது. கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்கும் தொழிலை உலகம் இந்தியாவிலிருந்துதான் கற்றது.

எலுமிச்சையும் அதன் தாயாதிகளும் இந்தியா, சீனம், மலாய்ப் பகுதிகளில் தோன்றியவை. ஆரஞ்சு என்ற பேரே நம் நாரத்தையோடு தொடர்புடைய திராவிடச் சொல்லிலிருந்து போனது என்பது அறிஞர் பலரும் ஏற்கிற கருத்து.

ஜாதிக்காய்க்கு அன்று உலகத்தில் ஒரே ஊர்தான்: இந்தோனேசியாவின் பாண்டா தீவுகள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

தண்ணீருக்கு ஊர் இல்லை. கலவையில் மிக அதிகமாகச் சேர்வது அதுதான்; யாரும் மதிக்காததும் அதுதான்.

செய்முறை

குடிக்காதவன் செய்முறை சொல்வது, சமைக்காதவன் பந்தி விசாரிப்பது போல இருக்கும். ஆனால் பழைய குறிப்புகளை ஒப்பிட்டால் முறை தெளிவாகவே தெரிகிறது. பிற்காலத்தில் மேற்கிந்தியத் தீவுகளில் எளிய கணக்காக அதைச் சொல்லிவைத்தார்கள்: புளிப்பு ஒரு பங்கு, இனிப்பு இரண்டு பங்கு, சாராயம் மூன்று பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. கடைசியில் ஜாதிக்காய்.

முதலில் எலுமிச்சையின் மேல்தோலைச் சீவி, சர்க்கரைக் கட்டியோடு தேய்த்துப் பிசைய வேண்டும். தோலில் உள்ள எண்ணெய் சர்க்கரையில் ஏறும். மணம் முழுவதும் அதில்தான். பிறகு சாற்றைப் பிழிந்து, கொஞ்சம் வெந்நீர் விட்டுச் சர்க்கரையைக் கரைக்க வேண்டும். இதுவரைக்கும் உள்ளதற்கு ஆங்கிலேயரே வைத்த பேர் ‘ஷெர்பத்’. அதாவது நம் சர்பத்து! இதற்குப் பிறகுதான் சாராயம், கடைசியில் குளிர்ந்த தண்ணீர், மேலே ஜாதிக்காய்த் துருவல். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. சர்க்கரை தண்ணீரில் சுலபமாகக் கரையும், சாராயத்தில் கரையாது. முதலிலேயே சாராயத்தைக் கொட்டினால் சர்க்கரை அடியில் தங்கிவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தம் பத்துப் பங்கில் சாராயம் மூன்று பங்கு. சாராயத்தின் வீரியம் நூற்றுக்கு 50 என்றால் கலவையின் வீரியம் 15 ஆகிறது. இது ஏறத்தாழ திராட்சை ஒயினின் வீரியம். கப்பலில் வராத ஒயினுக்குப் பதில், இங்கே கிடைத்த பொருளில் அதே வீரியத்தை அவர்கள் உண்டாக்கிக்கொண்டார்கள். பஞ்ச் பிறந்த ரகசியம் இவ்வளவுதான் என்பது என் எண்ணம்.

கிண்ணம் கடல் கடந்தது

1662 ஜனவரியில் லண்டனுக்குப் பக்கத்தில் பிளாக்வால் துறையில் நின்ற கிழக்கிந்தியக் கப்பல் ஒன்றைப் பார்க்கப் போன ஜான் எவ்லின், அங்கே தமக்குப் பஞ்ச் கொடுத்ததாக நாட்குறிப்பில் எழுதினார். அதற்குப் பிறகு இங்கிலாந்தில் அது பெரிய மனிதர்களின் பானமாயிற்று. வெள்ளியிலும் சீனப் பீங்கானிலும் அதற்கென்றே கிண்ணங்கள் செய்தார்கள். நடுவில் ஒரு கிண்ணம், சுற்றி மனிதர்கள் என்ற விருந்துமுறை உண்டாயிற்று. 1731-இல் தொடங்கிய ஸ்வீடன் கிழக்கிந்தியக் கம்பெனி பத்தாவியாச் சாராயத்தைக் கொண்டுபோனது. அங்கே ‘புன்ஷ்’ என்ற பேரில் இன்றும் அது இருக்கிறது. வியாழக்கிழமைப் பட்டாணி சூப்போடு சூடாகக் குடிக்கும் பழக்கம் உண்டாம்.

இந்தியத் துறைமுகங்களில் மாலுமிக்கும் சிப்பாய்க்கும் ‘பஞ்ச் ஹவுஸ்’கள் முளைத்தன. 1671-72-ஆம் ஆண்டு கம்பெனி விதி ஒன்று, சம்பள நாளில் மாலுமியின் கூலியை பஞ்ச் ஹவுஸ்காரர் பிடித்துக்கொள்ளக் கூடாது என்கிறது. அப்படி ஒரு விதி போட வேண்டியிருந்தது என்றால் நிலைமை என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. சம்பளம் வாங்கப் போனவனின் வீட்டுக்காரி வாசலில் நிற்கிற காட்சி அன்றும் இருந்திருக்கும்.

இன்னொரு கிளை மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போயிற்று. பார்படோஸில் 1640-களில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. 1655-இல் ஜமைக்கா ஆங்கிலேயர் வசம் வந்தது. சர்க்கரை காய்ச்சிய பின் மிஞ்சிய கழிவுப்பாகிலிருந்து ரம் வடித்தார்கள். பஞ்சில் அரக்குக்குப் பதில் ரம் ஏறியது. ‘பிளான்டர்ஸ் பஞ்ச்’, அதாவது தோட்டக்காரர் பஞ்ச், அங்கே உருவானது. 1740 ஆகஸ்டில் கடற்படைத் தளபதி எட்வர்ட் வெர்னன், மாலுமியின் ரம்மில் நாலு பங்கு தண்ணீர் கலந்தே தர வேண்டும் என்று உத்தரவிட்டார். வேண்டியவர்கள் சர்க்கரையும் எலுமிச்சையும் வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். அதுவும் பஞ்சின் ஏழைத் தம்பிதான். கடற்படையில் தினசரி ரம் கொடுக்கும் வழக்கம் 1970 ஜூலை 31-இல்தான் நின்றது.

பிறகு கிண்ணம் சிறுத்துத் தனித்தனிக் கோப்பை ஆயிற்று. க்யூபாவின் டைக்கிரி, 1944-இல் கலிபோர்னியாவில் விக்டர் பெர்ஜரான் செய்த மை-டை, தேங்காய்ப் பாலும் அன்னாசியும் சேர்த்து 1954-இல் தங்களிடம் உருவானதாக போர்ட்டோ ரிக்கோவின் ஓட்டல் ஒன்று சொல்லும் பீன்யா கொலாடா என்று வரிசையாக வந்தன. எதை எடுத்தாலும் உள்ளே சாராயம், இனிப்பு, புளிப்பு என்ற பழைய எலும்புக்கூடுதான் இருக்கிறது.

செலவுப் பக்கம்

இதுவரை வரவு. இனிச் செலவு.

ஜாதிக்காய்: 1621-இல் டச்சுக் கம்பெனியின் கவர்னர் யான் பீட்டர்சூன் கூன் பாண்டா தீவுகளின் மேல் படையெடுத்தார். சுமார் 15,000 பேர் வாழ்ந்த தீவுகள். பெரும்பான்மையோர் வெட்டுண்டும் பட்டினியாலும் செத்தார்கள். பிடிபட்டவர்கள் பத்தாவியாவுக்கு அடிமைகளாகப் போனார்கள். காலியான தோட்டங்களில் வேறு அடிமைகளை வைத்துக் காய் பறித்தார்கள். எல்லாம் ஒரு வாசனைச் சரக்கின் ஏகபோகத்துக்காக.

சர்க்கரையும் ரம்மும்: ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக் கடல் வழியாக அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். கரை சேர்ந்தவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம். நடுவில் உள்ள 18 லட்சம் கடலோடு போனது. இவர்களில் பெரும் பகுதியினர் கரும்புக்காகவே கொண்டுபோகப்பட்டவர்கள். கரும்பை ஆலையில் கொடுக்கும்போது உருளையில் கை சிக்கினால் வெட்டுவதற்கென்று பக்கத்திலேயே கத்தி வைத்திருப்பார்களாம். இதைப் படித்தபோது, புளிக்கவைப்பதில் எத்தனை உயிர் சாகிறது என்று எங்கள் பெரியவர்கள் மதுவை விலக்கியது நினைவுக்கு வந்தது. கண்ணுக்குத் தெரியாத உயிருக்கே கணக்குப் பார்க்கச் சொன்னார்கள். இங்கே கண்ணுக்கு எதிரே நிற்கிற மனிதனுக்குக் கணக்கு இல்லை.

ஒரு வியாபாரியாக இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. இது குடிகாரர்கள் செய்த பாவம் மட்டும் இல்லை. கப்பல்காரர், காப்பீட்டுக்காரர், வட்டிக்காரர், மளிகைக்காரர் என்று நம்மைப் போன்றவர்கள்தான் இடையில் நின்றார்கள். ‘மிகுபொருள் விரும்பாமை’யை இல்லறத்தாருக்கு ஐந்தாம் அணுவிரதமாகச் சமணம் ஏன் வைத்தது என்று யோசித்தால் விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

விலக்கின் வலிமை

ஆனால் வரலாறு இதோடு நிற்கவில்லை. 1791-இல் வில்லியம் ஃபாக்ஸ் என்பவர் லண்டனில் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். மேற்கிந்தியச் சர்க்கரையையும் ரம்மையும் வாங்காதீர்கள், அது அடிமையின் இரத்தத்தோடு வருகிறது என்பது அதன் சாரம். அது வீடு வீடாகப் பரவியது. அடிமை ஒழிப்புக்கு உழைத்த தாமஸ் கிளார்க்சன் தம் பயணத்தில் கண்டதை வைத்து, சுமார் 3 லட்சம் பேர் அந்தச் சர்க்கரையை விட்டார்கள் என்று கணக்கிட்டார். இதில் முன்னே நின்றவர்கள் பெண்கள். அவர்களுக்கு ஓட்டுரிமை கிடையாது. ஆனால் அடுப்படியும் கடைச் சீட்டும் அவர்கள் கையில் இருந்தன.

இதில் நமக்கு ஒரு வேடிக்கை. மாற்றாக அவர்கள் வாங்கியது கிழக்கிந்தியச் சர்க்கரை! ‘அடிமைகள் செய்யாத கிழக்கிந்தியச் சர்க்கரை’ என்று பொறித்த சர்க்கரைக் கிண்ணங்கள் பின்னர் விற்பனைக்கு வந்தன. சில அருங்காட்சியகங்களில் இன்றும் இருக்கின்றன. நம் நாட்டுச் சர்க்கரை முழுச் சுத்தம் என்று நான் மார் தட்ட மாட்டேன். இங்கும் பண்ணையடிமை இருந்தது. 1843-இல்தான் சட்டம் அதற்கு அளித்த பாதுகாப்பை நீக்கியது. ஆனாலும் ஒரு உண்மை நிலைக்கிறது. ஒரு பொருளை ‘வேண்டாம்’ என்று சொல்வது சாமியார் வேலை மட்டும் இல்லை. அது சந்தையையும் அசைக்கும். பிரிட்டன் 1807-இல் அடிமை வியாபாரத்தை நிறுத்தியது. 1834 ஆகஸ்டு 1 அன்று அடிமை முறை ஒழிப்புச் சட்டம் அதன் காலனிகளில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு அடிமைகளின் சொந்தக் கிளர்ச்சிகள் உள்ளிட்ட பல காரணங்கள் உண்டு. அந்த அடுப்படி விலக்கும் அவற்றில் ஒன்று.

காரைக்காலிலிருந்து மார்த்தினிக்

இனி வருவது நம் வீட்டுக் கதை. பிரெஞ்சுக்காரர் 1848-இல் அடிமை முறையை ஒழித்தார்கள். மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியும் காரைக்காலும் அவர்கள் கையில் இருந்தன. 1853 மே மாதம் ‘ஓரெலி’ என்ற கப்பல் முதல் தொகுதி ஆட்களை மார்த்தினிக்கில் இறக்கியது. அதே கப்பல் 1854 டிசம்பரில் குவாதலூப்பிலும் ஆள் இறக்கியது. 1880-கள் வரை மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேரும் குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேரும் போனார்கள். வட இந்தியரும் உண்டு, தமிழர் ஏராளம். ஐந்து வருஷ ஒப்பந்தம். திரும்பி வந்தவர்கள் கொஞ்சம். நோயிலும் வேலையிலும் மடிந்தவர்கள் அதிகம்.

அந்தத் தீவுகளின் புகழ்பெற்ற பானத்துக்குப் பேர் ‘டி பஞ்ச்’, அதாவது ‘குட்டிப் பஞ்ச்’. கரும்புச் சாற்றிலிருந்து நேராக வடித்த ரம், எலுமிச்சைத் துண்டு, கரும்புப் பாகு ஆகிய மூன்றுதான். தண்ணீரும் வாசனைச் சரக்கும் உதிர்ந்து போயின. ஐந்து மூன்றாயிற்று, பேர் மட்டும் நிற்கிறது. பொருள்களை மேசையில் வைத்துவிடுவார்கள். விருந்தாளி தானே கலந்துகொள்ள வேண்டும். அவனவன் சாவை அவனவனே தயார் பண்ணிக்கறான் என்று பொருள்படும் ஒரு கேலிப் பேச்சு அங்கே உண்டு. கேலியாகச் சொன்னாலும் சொன்னது சரிதான்!

1632-இல் சோழமண்டலக் கரையின் வடகோடியில் எழுத்தில் வந்த ஒரு சொல், உலகத்தைச் சுற்றி மார்த்தினிக் போய்ச் சேர்ந்தது. இரண்டு நூற்றாண்டு கழித்து அதே கரையின் தெற்கிலிருந்து மனிதர்கள் போய், அந்தச் சொல்லுக்கு வேண்டிய கரும்பை வெட்டினார்கள். இன்று அவர்கள் வம்சத்தாருக்குத் தமிழ் பேச்சு போய்விட்டது. ராமசாமி, முத்துசாமி போன்ற பேர்கள் பிரெஞ்சு எழுத்தில் குடும்பப் பேர்களாக நிற்கின்றன. மாரியம்மன் வழிபாடு நிற்கிறது. ‘கொலம்போ’ என்ற பேரில் நம் மசாலாக் குழம்பு அந்தத் தீவுகளின் பொது உணவாகி நிற்கிறது. பஞ்ச் பற்றிய புத்தகங்களில் ரம்மின் வயது இருக்கும், பீப்பாயின் மரம் இருக்கும். கரும்பு வெட்டியவனின் ஊர் இருக்காது. வெளிமாநிலத்தில் வாழும் நாமாவது அதை எழுதி வைக்க வேண்டாமா?

நம் ஐந்து

குஜராத் மாநிலம் பிறந்த 1960-லிருந்து இங்கே மதுவிலக்கு. 2023 டிசம்பரில் காந்திநகர் கிஃப்ட் சிட்டிக்கு மட்டும் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார்கள். ஆக, பாலேபுன்ட்ஸ் குடித்த சூரத்தில் இன்று சட்டப்படி பஞ்ச் இல்லை. ஆனால் அதன் சர்பத்துப் பாதி பத்திரமாக இருக்கிறது. கோடையில் தெருவுக்குத் தெரு எலுமிச்சைச் சர்பத்து. குளிர்காலக் காலையில் ‘நீரோ’ என்று நம் பதநீர்.

நமக்கோ ராமநவமிப் பானகம் இருக்கிறது. வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலம், தண்ணீர்: எண்ணிப் பாருங்கள், ஐந்து! இதிலிருந்துதான் ஆங்கிலேயன் பஞ்ச் செய்தான் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆகவே சொல்ல மாட்டேன். ஆனால் சாராயம் இல்லாமலே இனிப்பும் புளிப்பும் காரமும் ஒன்றையொன்று அமுக்காமல் சேர்ந்து நிற்க முடியும் என்பதற்குப் பானகமே போதும். சங்க விழாக்களில் பாட்டில் குளிர்பானத்தை நிறுத்தி, பெரிய அண்டாவில் பானகம் கரைத்து வைக்கலாம் என்பது இந்தக் கிழவனின் விண்ணப்பம். வெல்லம் எந்த ஆலையில் வந்தது, அங்கே வெட்டுக்கூலி ஒழுங்காகக் கொடுக்கிறார்களா என்று வாங்கும்போதே ஒரு வார்த்தை கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கேட்பது நம் கடமை.